திருமஞ்சனப் பரிமளமும் மணிக்கட்டில் பூசும் மெழுகுத் தைலமும்

சடங்குகளில் புழங்கும் மூலிகைகளைக் கொண்டு செய்யப்படும் வாசனைத் திரவியங்களின் மேல் எனக்கு ஈடுபாடு வந்ததற்குத் திருமலைதான் காரணம் என்பதால், என் அனுபவத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன். உகாதி, ஆனிவார ஆஸ்தானம், வருடாந்திர பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகிய நான்குக்கும் முன்பாக, வழக்கமாகச் செவ்வாய்க்கிழமையில், அங்கே கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் நடைபெறுகிறது. மூலவரைத் துணியால் மூடிவிட்டு, கருவறையான ஆனந்த நிலையம் தொடங்கித் தங்க வாசல் வரையிலும், உப சன்னதிகளிலும் சுவர், மேற்கூரை, தூண், பூசைப் பாத்திரம் என அனைத்தையும் நீரால் கழுவுகிறார்கள். அதன்பின் பரிமளம் எனப்படும் கலவையை நீரில் கரைத்துச் சுவர்களெங்கும் தெளிக்கிறார்கள். அப்படி ஒரு நாளில், தரிசனம் மீண்டும் தொடங்கியபின் உள்ளே செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஈரம் முழுவதும் காயாத கல்லிலிருந்து எழுந்த அந்த மணத்தில் இனிப்பே இல்லை. கற்பூரத்தின் குளிர்ச்சியும் மஞ்சளின் கசப்பும் ஏதோ ஒரு கிழங்கின் காரமும் கலந்து, மூச்சை இழுத்த மாத்திரத்தில் நெற்றி விரிவது போலிருந்தது.

ஊருக்குத் திரும்பியபின் அந்தக் கலவையில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். கஸ்தூரி மஞ்சள், கிச்சிலிக்கிழங்கு, கற்பூரம், சந்தனப் பொடி, குங்குமம், நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம் ஆகியவை அதில் முக்கியமானவை. இவற்றில் சில, உடலில் தேய்த்துக் குளிக்கும் எங்கள் வீட்டு நலங்குமாவு வகையைச் சேர்ந்தவை என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது. அம்மா அரைத்து வைக்கும் மாவில் பாசிப்பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் இருக்கும். மணப்பெண்ணின் உடலைத் துலக்கும் பொருளும் கருவறைச் சுவரைத் துலக்கும் பொருளும் ஒரே கடையின் ஒரே அடுக்கிலிருந்து வருகின்றன என்றால், நம்மவர்கள் மணத்தை அலங்காரமாக மட்டும் பார்க்கவில்லை என்பது விளங்குகிறது. மஞ்சளும் கற்பூரமும் பூச்சிகளை அண்டவிடாதவை. பயற்றமாவு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. மணம் அங்கே வேலை செய்கிற பொருளின் மணமாகவே இருக்கிறது.

இந்த எண்ணத்தோடுதான் ஒரு கைவினைக் கண்காட்சியில் ‘ஆலய மணம்’ என்று எழுதி விற்ற உருட்டுக்குப்பி ஒன்றை வாங்கினேன். முழுக்க இயற்கை மூலிகை என்று விற்றவர் உறுதியாகச் சொன்னார். பூசியதும் இனிப்பான சந்தன வாடை வந்தது. காலையில் வந்த அதே வாடை, கூடாமல் குறையாமல், மாறாமல் மாலை வரை நீடித்தது. அதுவே எனக்கு ஐயத்தைத் தந்தது. மூலிகைகளின் மணம் ஒரே நிலையில் நிற்பதில்லை. கற்பூரம் திறந்து வைத்தாலே காற்றில் கரைந்து போகும் பொருள். ஆகவே அது முதலில் எழுந்து முதலில் விடைபெறும். அதற்கடுத்துக் கிழங்குகளின் காரம் தணியும். மெதுவாக ஆவியாகும் சந்தனமும் வெட்டிவேரும்தான் கடைசிவரை தோலோடு தங்கும். இந்தப் படிப்படியான மாற்றம் இல்லாத திரவியத்தை மூலிகை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின் நானே செய்துகொள்ளத் தொடங்கினேன். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனையின் ராசப்ப செட்டித் தெருவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அங்குள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் பெரியவர் ஒருவர், “பொடியா வாங்காதீங்கம்மா, முழுசா வாங்கிட்டுப் போய் நீங்களே இடிச்சுக்குங்க, அப்பத்தான் வாசம் நிக்கும்” என்று சொல்லிக் கிச்சிலிக்கிழங்கு வில்லை ஒன்றை ஒடித்துக் காட்டினார். வெளியே பழுப்பாகச் சுருங்கியிருந்த அந்த வில்லையின் ஒடிந்த முகம் வெளுப்பாக, மாவு படிந்தாற்போல் இருந்தது; முகர்ந்தவுடன் திருமலைச் சுவரில் நான் இனம் காணாமல் விட்ட காரம் இதுதான் என்று தெரிந்துவிட்டது. வெட்டிவேரையும் அவர் ஈரக்கையால் கசக்கி முகரச் சொன்னார். எண்ணெய் எடுத்துவிட்ட சக்கை வேர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் நனைத்தால் வைக்கோல் வாடைதான் வரும் என்பது அவர் சொல்லித் தந்த பாடம். கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் விளையும் வேரைத்தான் இப்போது கேட்டு வாங்குகிறேன்.

செய்முறை எளிது. கிழங்கையும் வேரையும் கொரகொரப்பாக இடித்து, சொந்த மணம் அதிகமில்லாத பாதாம் எண்ணெயில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளஞ்சூடு காட்டி, பிறகு மெல்லிய துணியில் வடிகட்டுகிறேன். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு என்ற அளவில் உருக்கிச் சேர்த்தால் டப்பியில் இறுகி நிற்கும் தைலம் கிடைக்கும். பச்சைக் கற்பூரத்தைச் சூடு நன்றாகத் தணிந்து, மெழுகு இறுகுவதற்கு முந்தைய தறுவாயில்தான் சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது போட்டால் மணம் அடுக்களைக்குத்தான் போய்ச் சேரும். இதன் மணம் அறை முழுவதும் பரவாது. மணிக்கட்டை முகத்தருகே கொண்டுவந்தால்தான் தெரியும். நெருங்கி அமர்ந்தவருக்கு மட்டும் எட்டும் இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சந்தனத்தைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாகூர் தர்காவின் கந்தூரி விழாவில் நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு ஊர்வலமாக வந்து, விடியற்காலையில் சாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத்தலத்தில் சந்தனம் பூசப்படுகிறது. அங்கே சென்று வந்த தோழி ஒருத்தி சிறு காகிதத்தில் மடித்துக் கொடுத்த சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. இரண்டு சொட்டு நீர் விட்டுக் குழைத்ததும் பால் போன்ற மென்மையோடு அது மீண்டும் மணந்தது. மரத்தின் நடுவே வயிரம் ஏறிய கட்டையில்தான் அந்த மணம் உண்டு. வெளிப்புற வெண்கட்டையில் இல்லை. மரம் வயிரம் ஏறப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், மலிவு விலையில் கிடைக்கும் சந்தனத் தைலத்தை நான் வாங்குவதில்லை. சந்தனக் கல்லில் கட்டையை இழைத்து அவ்வப்போது பூசிக்கொள்வதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்கள் சிலவற்றை மறக்கக் கூடாது. எந்தத் தைலத்தையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நலங்குமாவில் சிலர் சேர்க்கும் கார்போக அரிசி என்னும் விதை, தோலை வெயிலுக்குக் கூச்சப்பட வைக்கும் தன்மை கொண்டது. அதைத் தோலிலேயே தங்கிவிடும் தைலத்தில் சேர்க்காமல் விடுவது நல்லது. கற்பூரம் சேர்ந்த எதையும் கைக்குழந்தைகளின் மூக்கிலோ மார்பிலோ தடவக் கூடாது. சிறு குழந்தைகள் கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும் என்பதால் டப்பியை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் சாம்பிராணிப் புகைக்குப் பதிலாக, ஏலக்காயும் வெட்டிவேரும் ஊறிய நீரை மாவிலையால் தெளித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.