கடல் பனிக்கட்டி உருகியதும் பாக்டீரியா எல்லாம் எங்கே போகிறது? உதவி தேவை

உப்பளத்துக்காரி:
வணக்கம். புதுச்சேரியில் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். துருவக் கடல் பனியில் வாழும் பாக்டீரியாக்களை எண்ணும் முறையைப் பழகுவதுதான் ப்ராஜெக்ட். துருவத்துக்கு நான் எங்கே போவேன்! வீராம்பட்டினத்தில் கடல் தண்ணீர் பிடித்து, பக்கெட்டோடு ஃப்ரீசரில் வைத்தேன். நடுவில் உறையாமல் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியை மட்டும் மேசைமேல் உருகவிட்டேன். ஜோபெல் மரைன் அகாரில் (கடல் பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கூழ்) பரப்பி 4 டிகிரியில் 5 நாள் வைத்தும் ஒரு காலனிகூட (பாக்டீரியா பெருகித் தெரியும் புள்ளி) இல்லை. உறையவைக்காத தண்ணீரை 28 டிகிரியில் வைத்தால் தட்டு நிறைய வருகிறது. மூன்று முறை இதே கதை.

முதுநகர்வாசி:
உருகிய தண்ணீரின் உப்பை அளந்தீர்களா? இறால் பண்ணைகளில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டரே போதும்.

உப்பளத்துக்காரி:
இப்போதுதான் பார்த்தேன். ஆயிரத்துக்கு 7 பங்கு உப்பு காட்டுகிறது. கடல் தண்ணீர் 33.

முதுநகர்வாசி:
அப்போ பாதிக் கோளாறு அங்கேதான். கடல் நீர் உறையும்போது பனிப்படிகம் உப்பை வெளியே தள்ளிவிடும். கொஞ்சம் உப்புநீர் மட்டும் கட்டிக்குள் நுண்ணிய கால்வாய்களில் சிக்கிக்கொள்ளும். பாக்டீரியா இருப்பதும் அதில்தான். மைனஸ் 10 டிகிரியில் அந்த நீர் கடலைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் உப்பு. அதில் இருந்த செல்லைத் திடீரென்று 7-இல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெடித்துவிடும். பாக்டீரியாவைப் பிடித்துவிடும் 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கடல் நீரைச் சேர்த்து, 4 டிகிரியில் இருட்டில் உருக்குங்கள். கட்டி ஒரு பங்குக்கு வடித்த நீர் நான்கு பங்கு என்றால் உப்பு 28-க்கு வந்துவிடும். ஐந்து மடங்கு நீர்த்துவிடுவதால் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்க மறந்துவிடாதீர்கள், நான் ஒருமுறை மறந்து திட்டு வாங்கியிருக்கிறேன்.

தட்டுகழுவி:
ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களே. 4 டிகிரி என்பது குளிர்விரும்பிகளுக்கு. கொல்வெல்லியா மாதிரி துருவ இனங்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழும் வளரும். நம்ம ஊர் வெதுவெதுப்பான கடலில் இருந்து வந்தது 4 டிகிரியில் 5 நாளில் காலனி போடுமா? இரண்டு தட்டையும் 28-இல் வையுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடே கிடையாது. அப்புறம், பக்கெட்டின் பக்கங்களையும் அடியையும் தெர்மாகோலால் மூடுங்கள். நிஜக் கடல் மேலிருந்து கீழாகத்தான் உறையும்.

உப்பளத்துக்காரி:
சொன்னபடி செய்தேன். காலனி வந்துவிட்டது! ஆனால் உறையாத தண்ணீரைவிடக் குறைவுதான்.

தட்டுகழுவி:
குறையத்தான் செய்யும். உறைதலே கொஞ்சத்தைக் கொல்லும். உயிரோடு இருந்தும் தட்டில் வளராதவையும் உண்டு. டாபி (DAPI, செல்லின் டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும்) சாயம் ஏற்றி, கறுப்பு வடிகட்டியில் வடித்து, ஒளிர்வு நுண்ணோக்கியில் நேரடியாக எண்ணிப் பாருங்கள்.

உப்பளத்துக்காரி:
சரி அண்ணா. நுண்ணோக்கிக்கு அடுத்த வாரம்தான் முறை கிடைத்திருக்கிறது.