காசிமிர் விசை: ‘வெற்றிடத் தளம்பல் விசை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக, இணையாக நிறுத்தினால் அவை ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் டச்சு இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் காசிமிர் கணக்கிட்டுக் காட்டினார். காசிமிர் விசை எனப்படும் அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நம் உரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘வெற்றிட ஈர்ப்பு விசை’ என்ற பெயரில் எனக்கு உடன்பாடில்லை. அதிலுள்ள ‘ஈர்ப்பு’, ‘வெற்றிடம்’ இரண்டுமே மாணவரைத் திசைதிருப்பும்.

நம் பாடநூல்களில் ஈர்ப்பு விசை என்றாலே நியூட்டனுடையதுதான் நினைவுக்கு வரும். காசிமிர் விசைக்கும் நிறைக்கும் தொடர்பே இல்லை. மேலும், இது எப்போதும் இழுப்பதும் இல்லை. 2009இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கப்பாசோ குழுவினர், பொன் பூசிய நுண்கோளத்தையும் சிலிக்கா பரப்பையும் புரோமோபென்சீன் திரவத்துக்குள் எதிரெதிரே வைத்து அளந்தபோது அவை விலகின. ஈர்ப்பு என்று பெயரிட்டுவிட்டால், நாளை ‘விலக்கும் ஈர்ப்பு விசை’ என்று எழுத நேரும்.

‘வெற்றிடம்’ இன்னும் சிக்கலானது. பள்ளியில் வெற்றிடம் என்றால் காற்றை வெளியேற்றிய கலன். உள்ளிருக்கும் காற்றை நீக்கியதும் வெளிக்காற்றின் அழுத்தத்தால் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும் மாக்டெபர்க் அரைக்கோளங்களைப் படித்த மாணவர், இங்கும் வெளிக்காற்றுதான் தகடுகளை அழுத்துகிறது என்றே நினைப்பார். கணக்கும் அந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது: முழுமையான கடத்திகளுக்கிடையே 10 நானோமீட்டர் இடைவெளி இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் வரும்! ஆனால் சுற்றிலும் துளிக் காற்று இல்லாவிட்டாலும் இந்த விசை இருக்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் 16 மடங்காகும். அதையே ஒரு மைக்ரோமீட்டராக விரித்தால் வெறும் 1.3 மில்லிபாஸ்கல்தான். இவ்வளவு சிறிய விசையைத் தெளிவாக அளக்க 1997இல் ஸ்டீவ் லாமொரோ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் இரு தட்டைத் தகடுகளை இணையாக நிறுத்தும் தொல்லையைத் தவிர்க்க, ஒன்றைக் கோளப் பரப்பாக வைத்துக்கொண்டார்.

விசைக்குக் காரணம், காலியான இடத்திலும் ஓயாத மின்காந்தப் புலம். ஆகவே அந்த ஓயாமையைச் சொல்லும் சொல்தான் பெயரில் நிற்க வேண்டும். ‘அலைவு’ ஊசலுக்குப் போய்விட்டது. அலைவு நேரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் சீரான சுழற்சி உண்டு, இங்கே அது கிடையாது. ‘ஏற்ற இறக்கம்’ பொருளில் சரிதான். ஆனால் இன்னொரு சொல்லோடு ஒட்ட மறுக்கிறது.

இலங்கைத் தமிழில் இதற்கு அருமையான சொல் புழக்கத்தில் இருக்கிறது: தளம்பல். அங்கே வானிலை அறிக்கையில் வளிமண்டலத் தளம்பல் வரும், வணிகப் பக்கத்தில் விலைத் தளம்பல் வரும். விளிம்புவரை நிறைந்த குடத்து நீர் ஒரு நிலையில் நில்லாமல் அசைவதைப் போன்ற, ஒழுங்கற்ற அசைவு அது. இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனவே என் பரிந்துரை ‘வெற்றிடத் தளம்பல் விசை’. ‘தளம்பல்’ பக்கத்தில் நிற்பதால் ‘வெற்றிடம்’ இங்கே காற்றழுத்தத்தை நினைவூட்டாது. இடையில் திரவம் இருந்தால் முன்னொட்டை விட்டுவிட்டுத் ‘தளம்பல் விசை’ என்றே சொல்லலாம்.

இந்தப் பொதுப்பெயர் வரலாற்றோடும் பொருந்துகிறது. காசிமிர் அப்போது நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்தார். கூழ்மத் துகள்களுக்கிடையிலான வாண்டர்வால்ஸ் விசை (மின்னூட்டமற்ற அணுக்களும் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று மெல்ல இழுக்கும் விசை), தொலைவு கூடும்போது எதிர்பார்த்ததைவிட விரைவாகக் குறைவதை அங்கே ஓவர்பீக் என்ற ஆய்வாளர் கவனித்திருந்தார். ஒளியின் வேகத்துக்கு எல்லை இருப்பதே காரணம் என்று காசிமிரும் அவருடன் பணியாற்றிய போல்டரும் நிறுவினார்கள். அந்த முடிவைக் கேட்ட இயற்பியலாளர் நீல்ஸ் போர், சுழிப்புள்ளி ஆற்றலோடு (மிகத் தாழ்ந்த நிலையிலும் புலத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றலோடு) தொடர்பு இருக்கலாம் என்று கோடிகாட்டினார். தகடுகளின் கணக்கு அதன்பின் வந்தது. ஆக, வாண்டர்வால்ஸ் விசையும் காசிமிர் விசையும் ஒரே குடும்பம். 1978இல் ஃபிஷரும் டி ஜென்னும் முன்கணித்த, திரவக் கலவைகளில் மாறுநிலை வெப்பநிலைக்கு (கலந்த திரவங்கள் தனித்தனியே பிரியத் தொடங்கும் எல்லைக்கு) அருகே, கலவையின் தளம்பலால் தோன்றும் விசையை ‘மாறுநிலைத் தளம்பல் விசை’ எனலாம்.

ராமன் விளைவு, டாப்ளர் விளைவு போலக் ‘காசிமிர் விளைவு’ அப்படியே இருக்கட்டும். 2011இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் வெற்றிடத்திலிருந்து ஃபோட்டான்கள் வெளிப்பட்டதைக் கண்டார்களே, அது விசையே அல்ல. அதற்கு ‘இயங்கு காசிமிர் விளைவு’ போதும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: வெற்றிடத் தளம்பல் விசை – மின்காந்தப் புலத்தின் குவாண்டம் தளம்பலால், மிக நெருங்கிய பரப்புகளுக்கிடையே தோன்றும் விசை, காசிமிர் விசை.