ஆஃப்டர் ஃபாரெவரின் முதல் ஆல்பம்: எனக்கு மட்டும்தான் பிடிபடவில்லையா?

கடைசிபெஞ்ச்_டிரம்மர்:
ஃபின்லாந்து மெட்டல் பேண்டான நைட்விஷ் 2013இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்த 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' வீடியோவில்தான் எனக்கு அவர்களுடைய பாடகி ஃப்ளோர் யான்சென் பைத்தியம் பிடித்தது. கடைசியில் அந்தக் குரல் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, இவர் இதற்கு முன்னால் எங்கே இருந்தார் என்று தோண்டிக்கொண்டே போய், ஆஃப்டர் ஃபாரெவர் என்ற டச்சு பேண்டின் முதல் ஆல்பத்தில் வந்து நின்றேன். 2000இல் வந்த 'பிரிசன் ஆஃப் டிசையர்'. பவர் ப்ரோக்ரெசிவ் மெட்டல் (வேகமான கிட்டார், நீளமாகப் பின்னிய பாட்டுகள்), முன்னால் பெண் குரல் என்று யாரோ எழுதியிருந்ததை நம்பி ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போனை மாட்டினேன்.

நேர்மையாகச் சொல்கிறேன், ஏமாற்றம்தான். ஃப்ளோர் எங்கோ பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் பாடுவது மாதிரி தள்ளி நிற்கிறார், நடுவில் இரண்டு ஆண்கள் மாறி மாறி உறுமுகிறார்கள், பாட்டு சூடு பிடிக்கும்போது வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். மூன்று தடவை கேட்டாயிற்று. நான் கேட்கிற முறையில் தப்பா, இல்லை ஆல்பமே அவ்வளவுதானா?

டபுள்பேஸ்_மாமா:
தம்பி, நீ 2013ஐ வைத்துக்கொண்டு 2000ஐ அளக்கிறாய். அந்த ஆல்பம் வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 19. பேண்டில் சேர்ந்தது 1997இல், பதினாறு வயதில். அவர் வருவதற்கு முன்னால் அது அபாகலிப்ஸ் என்ற பெயரில் டெத் மெட்டல், அதாவது உறுமியே பாடுகிற மெட்டல், வாசித்துக்கொண்டிருந்த கூட்டம், நெதர்லாந்தின் தெற்கே லிம்பர்க் மாகாணத்தில் ரூவர் என்ற சின்ன ஊர். அதாவது உறுமல்தான் அந்த வீட்டுக்காரர், ஃப்ளோர்தான் புதிதாக வந்த மருமகள். முதல் ஆல்பத்தில் அது அப்படியே கேட்கிறது, அதை மறைக்கவும் இல்லை.

இன்னொன்று, இது பாடகியின் ஆல்பம் இல்லை. கிட்டார் வாசித்து உறுமுகிற மார்க் யான்சென் இருக்கிறாரே (பெயர் ஒன்றுதான், உறவு கிடையாது, உறுமுகிற இன்னொருவர் சாண்டர் ஹொம்மன்ஸ்), இது அவருடைய வழக்கு. மதம் அமைப்பாகி மனிதனை அணைக்கிற மாதிரி அணைத்து மூச்சுத் திணற வைக்கிறது என்பதுதான் அவர் வாதம். 'தி எம்ப்ரேஸ் தட் ஸ்மதர்ஸ்' என்று ஒரு தொடர் வைத்திருக்கிறார். அதன் முதல் மூன்று பாகங்கள் இந்த ஆல்பத்தில் 'லீடன் லெகசி', 'ஃபாலோ இன் த க்ரை', 'யீல்ட் டு டெம்ப்டேஷன்' என்று சிதறிக் கிடக்கின்றன, நடுநடுவே வேறு பாட்டுகள்.

அப்புறம்தான் வேடிக்கை. 2002இல் மார்க்கை பேண்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் போய் எபிகாவை ஆரம்பித்து, 2003இல் அவர்களுடைய முதல் ஆல்பமான 'த ஃபேண்டம் அகனி'யில் நான்காம் பாகத்திலிருந்து தொடர்ந்தார்! ஒரு பேண்டின் முதல் ஆல்பத்தில் ஆரம்பித்த கதை இன்னொரு பேண்டின் முதல் ஆல்பத்தில் தொடர்கிறது. பங்காளி பிரிந்து போகும்போது பாதிக் கதையையும் கையோடு எடுத்துப்போன மாதிரி. ப்ரோக்ரெசிவ் எங்கே என்று கேட்டாய் என்றால் என்னைப் பொறுத்தவரை இங்கேதான். அந்த மூன்றையும் முதலில் கேள், உடனே எபிகாவின் நான்காம் பாகம் 'க்ரை ஃபார் த மூன்' போடு.

கோயில்மணி:
மாமா சொன்னதில் ஒரு சின்ன ஒட்டு. முதல் பாட்டு 'மேயா குல்பா'வை எல்லோரும் முன்னுரை என்று தாண்டிவிடுகிறார்கள். இரண்டு நிமிடம், வாத்தியமே இல்லை, வெறும் பாடகர் குழு. நான் கத்தோலிக்கக் குடும்பம், சின்ன வயதில் ஞாயிறு பூசையில் அம்மா பக்கத்தில் நின்று "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே" என்று மூன்று தடவை நெஞ்சில் அடித்துக்கொள்வோம் பாருங்கள், அதன் லத்தீன் மூலம்தான் 'மேயா குல்பா'. கையை மூடி அடிக்கணுமா விரித்து அடிக்கணுமா என்று அண்ணனும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். லிம்பர்க் பரம்பரையாகக் கத்தோலிக்க மண். அங்கே வளர்ந்த பையன்கள் மதத்தின் மேல் வழக்குப் போடுகிற ஆல்பத்தை அந்த வார்த்தையிலேயே, அதுவும் கோயில் பாட்டு மாதிரியே ஆரம்பிக்கிறார்கள். அது முடிந்து 'லீடன் லெகசி'யில் கிட்டார் இறங்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றில் ஏதோ செய்யும். நான் இன்னும் பூசைக்குப் போகிறவன்தான், அது வேறு விஷயம்.

நிஷாதம்:
குரல் பற்றி நான் சொல்கிறேன், பத்து வருடம் பாட்டுக் கற்றவள். வாக்கனில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் நெஞ்சிலிருந்து வருகிற முழுக்குரல், அதை அப்படியே மேலே இழுத்துப் போகிறார். முதல் ஆல்பத்தில் அவர் அனேகமாக ஓப்பரா பாணியில் தலையில் ஒலிக்கிற குரலிலேயே பாடுகிறார். நம் ஊரில் இதைக் கேட்டதும் கள்ளத்தொண்டை என்று சொல்லிவிடுவோம், தப்பு. கள்ளத்தொண்டையில் காற்று கசியும், இதில் கசியாது, சுருதியும் அசையாது. ஆனால் சொற்கள் உருண்டுவிடும், அதனால்தான் தூரத்தில் பாடுவது போல இருக்கிறது. வெறும் மிக்சிங் கோளாறு இல்லை.

கடைசிப் பாட்டு 'பியாண்ட் மீ'யை மட்டும் தனியாகக் கேளுங்கள். வித்தின் டெம்ப்டேஷன் என்ற இன்னொரு டச்சு பேண்டின் பாடகி ஷரோன் டென் ஆடல் விருந்தாளியாக வந்து சேர்ந்து பாடுகிறார். ஷரோன் குரல் மெல்லிசு, இழை மாதிரி. பக்கத்தில் ஃப்ளோர் வரும்போது அந்த வயதிலேயே எவ்வளவு கனம் என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொரு விண்ணப்பம், "பெண் குரல் மெட்டல்" என்று ஒரு டப்பா செய்து அதில் எல்லோரையும் அடைப்பதை நிறுத்தலாம். ஆண் பாடினால் பவர், டூம், த்ராஷ் என்று ஆயிரம் பிரிவு, பெண் பாடினால் மட்டும் ஒரே பிரிவா?

ஈயடப்பா:
எல்லோரும் ஆல்பத்துக்கு வக்காலத்து வாங்குவதால் நான் எதிர்க்கட்சி. கதையெல்லாம் சரி, காதுக்கு என்ன? டிரம் ஒலி அட்டைப்பெட்டி, நடுவில் நாலு பாட்டு எது எது என்றே தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருடமே வந்த 'டிசைஃபர்' நிஜ வாத்தியங்களை வைத்து இதே யோசனையை ஒழுங்காகச் செய்தது. கேட்பவருக்கு நேரம் குறைவு என்றால் நேராக அங்கே போங்கள். ப்ரோக்ரெசிவ்தான் வேண்டும் என்றால் 2004இன் 'இன்விசிபிள் சர்க்கிள்ஸ்', சண்டை ஓயாத வீட்டில் வளர்கிற குழந்தையைப் பற்றி முழு ஆல்பமும். அதுதான் அவர்களின் உச்சம்.

டபுள்பேஸ்_மாமா:
அட்டைப்பெட்டி என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2002இல் பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இதில் ஒரே ஒரு பாட்டை இறக்கியவன் நான், எனக்கு அட்டைப்பெட்டியும் வெங்கலக்கடைதான். ஆனால் 'பிளாக் டோம்ப்' எதோடும் ஒட்டாது, அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசிபெஞ்ச்_டிரம்மர்:
நன்றி மக்களே. நேற்று ராத்திரி மாமா சொன்ன வரிசையில் கேட்டேன். மூன்று பாகம், உடனே 'க்ரை ஃபார் த மூன்'. பேண்டு மாறியதே தெரியவில்லை, பாடகி மட்டும் மாறியிருக்கிறார், அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. 'பியாண்ட் மீ'யில் நிஷாதம் அக்கா சொன்ன கனம் எனக்கும் கேட்டது, முதலில் எது ஷரோன் என்று கண்டுபிடிக்க இரண்டு தடவை பின்னால் தள்ள வேண்டியிருந்தது. டிரம் விஷயத்தில் நான் ஈயடப்பா பக்கம்தான், அண்ணே. இன்னும் 'டிசைஃபர்' தொடவில்லை. எபிகாவில் இந்தத் தொடர் எந்த ஆல்பம் வரை போகிறது?

கோயில்மணி:
2007, 'த டிவைன் காண்ஸ்பிரசி'. ஒன்பதாம் பாகம் வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போடாதீர்கள், எங்கள் வீட்டில் அம்மா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டார்.