மெக்கென்சி ரிவர் டிரெயில்: லாவா கல்லுக்கு எவ்வளவு காத்து?

வேளச்சேரி_பெடல்: செப்டம்பர்ல அமெரிக்காவுல ஒரிகன்ல இந்தக் காட்டுப் பாதையில சைக்கிள் ஓட்டணும். ஈசிஆர்ல ஓட்டுற 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற மலை சைக்கிள்), 2.25 இன்ச் அகல டயர், உள்ள டியூப். தாங்குமா? என் எடை 75 கிலோ.

கல்லும்_முள்ளும்: டியூப் வேண்டாம். கிளியர் லேக் ஓரமும், டமோலிட்ச் நீலக்குளத்துக்கு முந்தியும் எரிமலைக் குழம்பு உறைஞ்ச கல்லு. தேங்காய்த் துருவி மாதிரி முனை முனையா இருக்கும். காத்து கம்மின்னா ரிம் இடிச்சு டியூப்ல பாம்புக் கடி போல ரெண்டு ஓட்டை. ஏத்திட்டா சக்கரம் துள்ளும், பிடி போயிடும். பக்கச்சுவர் கெட்டியான 2.4 டயர், டியூப்லெஸ். சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கிற திரவம்) சக்கரத்துக்கு 100 மில்லி. காத்து முன்னாடி 24, பின்னாடி 27 பிஎஸ்ஐல ஆரம்பிங்க. பக்கம் நீளமா கிழிஞ்சா சீலன்ட் அடைக்காது. பிளக் (ஓட்டையில சொருகுற ரப்பர் திரி), உள்ள வைக்க பழைய டயர் துண்டு, ஸ்பேர் டியூப் மூணும் பையில இருக்கணும்.

அடையாறு_கியர்: சென்னை வெயில்ல சீலன்ட் சீக்கிரம் காஞ்சு ரப்பர் தோலா ஒட்டிக்கும். சக்கரத்தைக் கழட்டிக் குலுக்குங்க. 'சளக் சளக்'னு கேக்கலைன்னா காலி.

வேளச்சேரி_பெடல்: 42 கிலோமீட்டரும் கல்லுதானா?

கல்லும்_முள்ளும்: இல்லீங்க. நீலக்குளம் தாண்டினா பெரும்பாலும் ஊசியிலைக் காட்டு மண்ணு, மெத்துன்னு ஓடும். கல்லுல மட்டும் முழுச் சுத்து மிதிக்காதீங்க, பெடல் தட்டும். பெடலை கால்வாசி சுத்து முன்ன, கால்வாசி சுத்து பின்ன. சந்தேகம்னா இறங்கித் தள்ளுங்க, கௌரவம் பார்க்காம.