புதுப்பிப்பு: கார்டைக் காப்பது பற்றி முன்பு கேட்டிருந்தேனே

பிடிச்சண்டைக் கலையான ஜியு-ஜிட்சுவில், கீழே இருப்பவர் தன் கால்களால் எதிராளியைத் தடுத்து வைக்கும் நிலைதான் கார்ட்; அந்தக் கால்களைத் தாண்டி வருவது பாஸ். எதிராளி என் முழங்கால்களைப் பிடித்து ஒருபுறம் தள்ளிவிட்டு மறுபுறமாகப் பாயும் டொரியாண்டோ பாஸை எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தேன். "இடுப்பை நகர்த்துங்கள்" என்றே பலரும் எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறு குழுவுடன் அதைப் பயின்று பார்த்தேன். ஒன்று தெளிவாகிவிட்டது: இடுப்புக்கு முன்னதாகக் கைகள் வேலை செய்ய வேண்டும்.

கால்சட்டையில் விழுந்த பிடியை அந்தக் கணமே உடைப்பதுதான் முதற் காவல். அது தவறினால், அவர் தோளில் முன்கையை ஊன்றித் தடுத்து, இடைவெளி பிறந்த பிறகே இடுப்பை வெளியே இழுக்க வேண்டும். உடனே முழங்கால் முழங்கையைத் தேடி உள்ளே வரவேண்டும். ஊன்றாமல் நகர்ந்தால் எதிராளியும் ஒட்டிக்கொண்டே வருவார். இங்குள்ள சித்திரை வெக்கையில், கி (பயிற்சி அங்கி) அணியாதபோது வியர்வையில் பிடி வழுக்குவதால் இந்த ஊன்றல் இன்னும் முக்கியம்.

கடந்துவிட்டார் என்று தளர்ந்துவிடாதீர்கள், உறவுகளே! சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப்-இன் விதிப்படி அவர் 3 விநாடிகள் நிலைகொண்டால்தான் 3 புள்ளிகள். அதற்குள் கார்டை மீட்டுவிடலாம்.

எதிராளி தன் முழங்காலை என் கால்களுக்குக் குறுக்கே செலுத்திக் கடக்கும் 'நீ கட்' (knee cut) பாஸுக்கு எதிராக, அவர் அக்குளுக்கடியில் கையை நுழைத்துப் பிடிக்கும் அண்டர்ஹூக்கை வெல்வது எனக்கு இன்னும் கைவரவில்லை. இங்கே யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் யாராவது பயில்கிறீர்கள் என்றால் எழுதுங்கள், சேர்ந்து பயிலலாம்.