பீடிக்கடையில் முறை மாறினால் சுற்றுகிறவளிடம் யார் சொல்வது?

பாவூர்சத்திரத்துக்காரி:
அம்மா 30 வருஷமாகப் பீடி சுற்றுகிறார். போன வாரம் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். இனி வாரத்தில் 3 நாள்தான் பீடி வாங்குவார்களாம். சனிக்கிழமைக் கூலி கிடையாது. மாதம் ஒருமுறை வங்கியில் போடுவார்களாம். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வரிசையில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்துச் சொல்லியிருக்கிறது. முந்தின நாள்கூட அதே கடையில்தான் பீடியை ஒப்படைத்துவிட்டு வந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் மளிகைக்கடைப் பற்று, சீட்டுப் பணம் எல்லாம் சனிக்கிழமையை நம்பித்தான் ஓடுகிறது. மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சுற்றுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றக்கூடாதா?

கடையம் கணக்கர்:
தங்கச்சி, நான் 21 வருஷம் பீடிக்கடையில் கணக்கு எழுதியவன். எல்லாரையும் கேட்டுத்தான் செய்வது என்றால் ஒன்றும் நடக்காது. 1977-ல் பீடித் தொழிலுக்கு பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதி, வந்தது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு அது செல்லாது என்று முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கும் உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையெல்லாம் தெருத்தெருவாகக் கேட்டா செய்தார்கள்? கையில் கூலி கொடுத்த காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலிலேயே புருஷன்மார் நிற்பார்கள். அந்த அம்மா படி இறங்குவதற்குள் பணம் கை மாறிவிடும். வங்கியில் விழுந்தால் அது அவள் பெயரில் இருக்கும். இது நல்ல மாற்றம்தான்.

பாவூர்சத்திரத்துக்காரி:
அண்ணாச்சி, வாசலில் நின்றவர்கள் கதை உண்மை. எங்கள் சித்தி வீட்டிலேயே நடந்தது. ஆனால் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். பி.எஃப். கணக்கோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று வந்தபோது, பீடித் தொழில் உள்ளிட்ட சில தொழில்களுக்கு டிசம்பர் 31 வரை கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் கடையில் அதைச் சொன்னது டிசம்பர் கடைசி வாரம். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, கடையில் பீடிக் கணக்கு எழுதுகிற பாஸ்புக்கில் ஒரு மாதிரி. திருத்துவதற்கு 4 நாள் அலைந்தார். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலி இது. அந்த 4 நாளும் சுளகைத் தொடவில்லை, ஒரு ரூபாய்கூட வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் 6 வருஷம் அம்மா சுற்றியது ஆச்சி பெயரில் இருந்த பாஸ்புக்கில். புதுப் புத்தகம் போட்டால் இன்னொரு ஆளுக்கு பி.எஃப். கட்ட வேண்டும் என்பதால் கடையில் போட்டுத் தரவில்லை. அந்த 6 வருஷம் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆதாரைக் காட்டிப் பெயரைச் சரிசெய் என்று கேட்டவர்கள் இதைச் சரிசெய்ய ஏன் வரவில்லை?

வண்ணார்பேட்டை கண்டக்டர்:
டிக்கெட் கட்டு போய் மெஷின் வந்தபோது எனக்கும் கை நடுங்கியது. முதல் நாள் பாபநாசம் வண்டியில் கூட்டம். பாதிப் பேருக்கு டிக்கெட் போடுவதற்குள் சேரன்மகாதேவி வந்துவிட்டது. ஆனால் தடுமாறிய அந்த நேரத்துக்கும் எனக்குச் சம்பளம் உண்டு. எண்ணிக்கைக் கூலிக்காரர்களுக்கு அது இல்லையே. புது முறையைப் பழகுகிற நேரமும் அலைகிற நேரமும் அவர்கள் கைக்காசு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடையம் கணக்கர்:
அலைந்த நாளுக்குக் கூலி கேட்பது நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆச்சி பாஸ்புக் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. நானும் அப்படிப் புத்தகங்களில் எழுதியிருக்கிறேன். ஆனால் கடைக்காரர் மேல் மட்டும் கோபப்படாதீர்கள். எங்களுக்கும் முந்தின நாள் சாயங்காலம்தான் போன் வரும், விளக்கம் ஒன்றும் இருக்காது. பெண்கள் கேட்கும்போது எனக்கே காரணம் தெரியாமல் "கம்பெனி சொல்லிவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். வங்கிக் கூலி வேண்டும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

பாவூர்சத்திரத்துக்காரி:
சரி அண்ணாச்சி, வங்கியிலேயே போடட்டும். வாரவாரம் போடச் சொல்லிக் கேட்கலாமா? 40 பேர் சேர்ந்து போகப் பேசியிருக்கிறோம்.

கடையம் கணக்கர்:
தாராளமாகக் கேளுங்கள். வாரக் கூலியை வங்கியில் போடுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வாயால் சொல்ல வேண்டாம், மனுவாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே பாஸ்புக் எண் வேண்டும். கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம். ஒரு பிரதியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். எழுதியதும் இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.