கலைச்சொல் உதவி: வாழ்த்து அட்டையில் ஒட்டும் ‘டிசைன் பேப்பர்’

மதுரையிலிருந்து ந.:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். ஆசிரியர்களுக்கான கைவினைக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாழ்த்து அட்டைப் பாடத்தில் ஒரு சொல் வழிமறிக்கிறது. பூவோ கட்டமோ கொடியோ ஒரு பக்கம் திரும்பத் திரும்ப அச்சிட்டு, மறுபக்கத்தை வெள்ளையாக விட்ட தாள். கடையில் ‘டிசைன் பேப்பர்’ என்றால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ‘வண்ணத்தாள்’ என்றால் ஒற்றை நிறத் தாள். அதுவும் ஜிகினாத் தாளும் அதே பாடத்தில் தனியாக வருகின்றன. இப்போதைக்கு ‘அலங்காரத் தாள்’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

வரும் இடம்: “ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி மடித்தால் 105 × 148 மி.மீ. முகப்பு கிடைக்கும். …… 95 × 138 மி.மீ. அளவில் வெட்டி நடுவில் ஒட்டினால் நாற்புறமும் 5 மி.மீ. கரை தெரியும்.” கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

தஞ்சையிலிருந்து செ.:

அலங்காரம் வடசொல். அதை விடுங்கள். திருமுருகாற்றுப்படையில் ‘தோயாப் பூந்துகில்’ வருகிறது. பூ இட்ட துணி பூந்துகில் என்றால் பூ இட்ட தாள் பூந்தாள். இதற்குமேல் என்ன வேண்டும்? கட்டம் போட்டதற்கும் இதே பெயர் பொருந்துமா என்று யாராவது கேட்பார்கள். புடவையில் கட்டத்துக்கு நடுவே ஒரு பூவாவது இருக்கும் என்று சொல்லி வையுங்கள்.

கோவையிலிருந்து இரா.:

செ. ஐயா, ‘பூந்தாள்’ என்றதும் எனக்குப் பூப்போன்ற திருவடிதான் நினைவுக்கு வருகிறது. “பூந்தாளின் பின்புறம் பசை தடவுக” என்று பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? என் பரிந்துரை ‘புனைதாள்’. நெடுநல்வாடையின் ‘புனையா ஓவியம்’ வண்ணம் தீட்டாத கோட்டோவியம். எனவே புனைதல் வண்ணத்தால் அழகு செய்தல். வினைத்தொகை ஆகையால் ஒற்று மிகாது. புனைந்த, புனைகின்ற, புனையும் என முக்காலமும் அடங்கும்.

திண்டுக்கல்லிலிருந்து ம. (கைவினை ஆசிரியை):

புனைசுருட்டு, புனைபெயர் எல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ‘புனைதாள்’ என்றால் கள்ளப் பத்திரம் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு பெரியவர்களும் ஒருநாள் என் வகுப்புக்கு வாருங்கள். தாளை எந்தப் பக்கமாக வைத்து வெட்டுவது என்பதுதான் அங்கே முதல் சிக்கல். கொடி எந்தத் திசையில் ஏறுகிறது என்று பார்க்காமல் வெட்டினால் பூச்சட்டி தலைகீழாக நிற்கும். அடுத்தது பசை. மைதாப் பசையை அள்ளிப் பூசினால் மெல்லிய தாள் ஈரத்தில் விரியும். காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து வளைத்துவிடும். அதனால் இருபக்க ஒட்டுநாடாதான் தருகிறேன்.

ஒரே வடிவம் அடுக்கடுக்காக வருவதற்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர் கோலம். ‘கோலத்தாள்’ போதும். இல்லையென்றால் ‘டிசைன் பேப்பர்’ என்றே அச்சிடுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

செ.:

ஆகும், அம்மா. கோலம் + அத்து + ஆள் = கோலத்தாள், அதாவது அந்தக் கோலம் கொண்டவள். ‘பச்சைக் கோலத்தாள்’ என்றால் அம்மன். என் பூந்தாள் திருவடி என்றால் உங்கள் கோலத்தாள் திருமேனி முழுவதும்! “கோலத்தாளை வெட்டி ஒட்டுக” என்பதைவிட என்னுடையது எவ்வளவோ மேல்.

இரா.:

கோலம் + தாள் என்று பிரித்தாலும் மகரம் கெட்டு, வல்லினம் மிக்கு அதே வடிவம்தான் வரும். இலக்கணம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து த.:

வம்பு முழுக்க ‘தாள்’ என்ற சொல்லால் வருகிறது. நாங்கள் பேச்சிலும் எழுத்திலும் கடதாசி என்கிறோம். ‘கோலக்கடதாசி’ என்றால் அம்மனும் இல்லை, திருவடியும் இல்லை. போர்த்துக்கேயர் வழி வந்த சொல் என்று செ. அண்ணன் எழுதப்போகிறார். அதே வழி வந்த ‘சாவி’யையும் ‘அலமாரி’யையும் அவர் முதலில் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

புதுச்சேரியிலிருந்து அ.:

இடையில் ஒன்று. அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் ஆலையில் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் தாளில், நீர்மேல் மிதக்கும் வண்ணத்தை ஒற்றியெடுக்கிறார்கள். துருக்கியில் இதே கலைக்கு எப்ரு என்று பெயர். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதில் இரண்டு தாள் ஒன்றுபோல் இராது. திரும்பி வருவதுதான் கோலம் என்றால் இதை எங்கே வைப்பீர்கள்? அதற்கு ‘நீரோவியத்தாள்’ என்று தனியாக…

ந.:

அ. அவர்களே, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். என் கையேட்டில் அச்சிட்ட தாள் மட்டுமே வருகிறது. கோலத்தாளுக்கு நால்வர், பூந்தாளுக்கு இருவர், மற்றவர்கள் மௌனம். ‘கோலத் தாள்’ என்று இடைவெளி விட்டு எழுதி, முதலில் வரும் இடத்தில் மட்டும் “கடையில் டிசைன் பேப்பர் என்று கேட்கவும்” எனச் சேர்த்து அனுப்புகிறேன்.

செ.:

தொகைச்சொல்லுக்கு நடுவே இடைவெளி எங்கிருந்து வந்தது? அச்சகத்தார் கேட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

த.:

எங்கள் பள்ளிகளுக்கு ஒரு படி அனுப்புங்கள். கடதாசி என்று திருத்திப் பயன்படுத்திக்கொள்கிறோம்.